களைக்க வைக்கும் குளிசையா, சத்தமில்லாத குளிசையா? இதயத் துடிப்பு மருந்துகளின் பக்கவிளைவுகள், ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இதய கிளினிக் வரிசையில் ஒரு காலைப்பொழுது இருந்தால் இரண்டு விதமான ஆட்களைக் காணலாம். ஒருவர், “இந்தக் குளிசையப் போட்ட நாள் தொடக்கம் உடம்பில ஒரு சத்துமில்ல மனே” என்று மருந்தைத் திட்டிக்கொண்டிருப்பார். மற்றவர், “எனக்கு ஒரு கரைச்சலும் இல்ல, நல்லா ஒத்துப்போகுது” என்பார். முதலாமவரின் பையில் பெரும்பாலும் பிசோப்ரோலோல் அல்லது அட்டெனோலோல் இருக்கும். இரண்டாமவர் அமியோடரோன் எடுப்பவராக இருக்கலாம். யாரை நினைத்து நான் கூடுதலாகக் கவலைப்படுவேன் என்று கேட்டால், இரண்டாமவரை நினைத்துத்தான்.

காரணம் இதுதான். பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற பீட்டா பிளொக்கர் வகை மருந்துகள் தங்கள் தொந்தரவை முதல் வாரங்களிலேயே காட்டிவிடும். ஆளுக்குத் தெரியும், சொல்வார், அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். அமியோடரோன் தரும் கெடுதல் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஓசையில்லாமல் சேரும். மருந்தை நிறுத்தினாலும் உடனே போகாது. ஆனால் எங்கள் ஆட்கள் களைப்பைத் தருகிற குளிசையைத் தாங்களாகவே நிறுத்துகிறார்கள், சத்தமில்லாத குளிசையைச் சோதனை எதுவும் செய்யாமல் தொடர்கிறார்கள். இரண்டுமே ஆபத்து.

இந்த மருந்துகள் பெரும்பாலும் எழுதப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற வருத்தத்துக்கு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கும், நாடி தாறுமாறாக ஓடும். மருத்துவத்தில் இதற்கு இரண்டு வழி. ஒன்று, தாளம் தப்பினாலும் பரவாயில்லை, வேகத்தைக் குறைத்து வைப்பது; பீட்டா பிளொக்கர் செய்வது இதை. மற்றது, தாளத்தையே பழைய நிலைக்குக் கொண்டுவந்து பிடித்து வைப்பது. 4,060 நோயாளிகளைக் கொண்டு செய்து 2002இல் வெளியான அஃபேர்ம் ஆய்வு, இரண்டு வழிக்கும் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டியது. பிறகு 2020இல் வந்த ஈஸ்ட் ஆய்வு, வருத்தம் தொடங்கிய முதல் வருடத்துக்குள் தாளத்தைப் பிடிக்க முயன்றால் பக்கவாதம் போன்றவை குறைகின்றன என்று கண்டது. ஆகவே எந்த வழி என்பது ஆளைப் பொறுத்தது. எந்தப் பக்கவிளைவோடு அவரால் வாழ முடியும் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பீட்டா பிளொக்கர்: பிசோப்ரோலோல், அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல்

களைப்பு, எழும்பும்போது தலைச்சுற்று, கை கால் குளிர்தல், சிலருக்குப் பயங்கரக் கனவு. ஆண்களுக்கு உடலுறவில் வரும் குறைபாடும் இதில் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமல் குளிசையைக் குப்பையில் போடுகிறார்கள். டொக்டருக்கு இது புதுச் செய்தி இல்லை. தனியே பேச வேண்டும் என்று கேட்டால் ஒதுக்கிப் பேசுவார், வேறு மருந்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது.

களைப்பு பலருக்குச் சில வாரங்களில் தணியும். தணியவில்லையென்றால் அளவைக் குறைப்பதா, இரவுக்கு மாற்றுவதா, அதே வகையில் வேறொன்றைப் பார்ப்பதா என்று கேட்கலாம். கனவுத் தொல்லை மெட்டோப்ரோலோல், ப்ரோப்ரனோலோல் எடுப்பவர்களுக்குக் கூடுதல், ஏனென்றால் அவை மூளைக்குள் எளிதாகப் போகும். அட்டெனோலோலில் அது குறைவு, ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு உடலில் தேங்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தத் தலைச்சுற்று கூடுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். வெயிலில் வேர்த்து நீர் குறையும்போது பிரஷர் விழும், மருந்து அதை இன்னும் இறக்கும். வயலில் குனிந்து வேலை செய்துவிட்டுச் சட்டென்று நிமிர்வதும், தோணியில் இருந்து எழுந்து வலை இழுப்பதும்தான் விழுகிற நேரம். நிதானமாக எழும்ப வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். இதயம் பலவீனமென்று தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைப் பற்றி வெயில் காலத்துக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வைக்கட்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. இரத்தத்தில் சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் குளிர்ந்து வேர்த்தால் சீனியைச் சோதிக்க வேண்டும், கருவி இல்லையென்றால் உடனே இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். முட்டு வருத்தம் உள்ளவர்கள் அதை முதல் நாளே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும், இந்த வகை மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும்.

அமியோடரோன்

தாளத்தைப் பிடித்து வைப்பதில் இதுதான் வலுவானது. இதயம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கலாம், மற்றப் பல தாள மருந்துகளை அப்படிக் கொடுக்க முடியாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெக்கனைட் போன்றவை சாவைக் கூட்டின என்று 1989இல் காஸ்ட் ஆய்வு காட்டிய பிறகு அமியோடரோனின் இடம் இன்னும் உறுதியானது. ஆகவே இதை ஒரு கெட்ட மருந்தென்று நான் சொல்லவில்லை. என் மாமி இதனால்தான் நெஞ்சுப் படபடப்பு இல்லாமல் நடமாடுகிறார்.

ஆனால் இது கறையான் மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே வேலை செய்யக்கூடியது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயடின். நாளுக்கு ஒரு 200 மில்லிகிராம் குளிசை எடுப்பவரின் உடலில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் அயடின் விடுபடுகிறது. எங்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 0.15 மில்லிகிராம்தான். இதனால் தைரொயிட் சுரப்பு குறையலாம், கூடவும் செய்யலாம். (கடல் மீனையும் அயடின் உப்பையும் நிறுத்தினால் சரிவருமா என்று கேட்பார்கள். இவ்வளவு அயடின் குளிசையிலேயே வரும்போது மீனை நிறுத்துவதில் பயனில்லை. மீன் சாப்பிடுங்கள்.)

அப்புறம் நுரையீரல். வறட்டு இருமலும், முன்பு ஏறிய படியில் மூச்சு வாங்குவதும் அதன் தொடக்கமாக இருக்கலாம். எங்கள் ஊரில் இருமலுக்குக் காரணம் சொல்ல ஆயிரம் இருக்கிறது: சூடடிக்கும் தூசு, பனி, அடுப்புப் புகை, பிரஷருக்குக் கொடுக்கிற எனலாப்ரில் குளிசை. இத்தனையிலும் ஒன்றைச் சாட்டி மாதக்கணக்கில் பாணி மருந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அமியோடரோன் எடுப்பவருக்குப் புதிதாக வந்த இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது மூச்சு வாங்குவதும் சேர்ந்து வந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வெயில் இன்னொரு பிரச்சினை. இந்த மருந்து எடுப்பவரின் தோல் சிறு வெயிலுக்கே எரியும், நீண்டகாலம் எடுத்தால் முகம் நீலச் சாம்பல் நிறமாகவும் மாறலாம். இதைத் தூண்டுவது கண்ணாடி ஊடாகவும் வரக்கூடிய கதிர். ஆகவே வாகனத்தின் ஜன்னலோரமும் பாதுகாப்பில்லை. வாவியில் மீன்பிடிப்பவருக்குத் தண்ணீரில் தெறித்துவரும் வெயிலும் சேரும். முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, குடை ஆகியவைதான் முதல் மருந்து. கிறீம் வாங்குவதென்றால் சிங்க் ஒக்சைட் அல்லது டைட்டானியம் டையொக்சைட் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண கிறீம் பல நேரம் போதாது. வேலை நேரத்தை விடியற்காலைக்கும் பின்னேரத்துக்கும் மாற்ற முடிந்தவர்கள் மாற்றுங்கள்.

கண்ணில் படிவு நீண்டகாலம் எடுக்கும் எல்லோருக்குமே வருகிறது என்று சொல்லலாம். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காது, ஆனாலும் இரவில் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டும். பார்வை மங்கினால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

தொடங்கும்போது அதிக அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்: வழமையாக ஒரு வாரம் நாளுக்கு மூன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்று. அந்தத் திகதிகளைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லி மிஸ்ஸிடம் கேளுங்கள். இந்த முதல் வாரங்களில் ஓங்காளம் வரும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். பாமசியில் சத்திக்கென்று டொம்பெரிடோன் வாங்கிப் போடாதீர்கள். அமியோடரோனோடு சேரும்போது அதுவே ஆபத்தான துடிப்புக் கோளாறைக் கொண்டுவரலாம். கிளரித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகளும் அப்படித்தான். எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் அமியோடரோன் எடுப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு இதைச் சேர்த்தால் இரத்தம் உறையாத் தன்மை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். வார்ஃபரின் அளவை மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை குறைக்க வேண்டிவரும். அது ஒரே நாளில் தெரியாது, வாரங்கள் எடுக்கும். ஆகவே அமியோடரோன் தொடங்கிய முதல் இரண்டு மாதங்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.

ஒரே களைப்பு, இரண்டு காரணம்

இரண்டு மருந்தையும் சேர்த்து எடுப்பவர்கள் நிறைய. அவர்களுக்குக் களைப்பு வந்தால் எதைக் குற்றம் சொல்வது? பீட்டா பிளொக்கர் தரும் களைப்பு தொடங்கிய அல்லது அளவு கூட்டிய நாட்களோடு ஒட்டிவரும், நாடியும் மெதுவாக இருக்கும். தைரொயிட் குறைந்ததால் வரும் களைப்பு பல மாதம் கழித்து மெதுவாக ஏறும். கூடவே மலச்சிக்கல், எடை கூடுதல், முகம் ஊதல், மற்றவர்களுக்கு வேர்க்கும்போது தனக்குக் குளிர்தல். அதை “வயசுபோனா அப்பிடித்தான்” என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஒரு டிஎஸ்எச் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், தைரொக்சின் குளிசையில் சரியாகியும்விடும்.

நாடியை வீட்டிலேயே எண்ணலாம். தாளம் ஒழுங்கில்லாதவர்கள் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும். 50க்குக் கீழே போய், தலைச்சுற்றும் இருந்தால் அன்றே காட்டுங்கள். மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள்.

குளிசை தவறினால்

இங்கேதான் இரண்டும் நேரெதிர். அமியோடரோன் கொழுப்பில் தங்கியிருக்கும், பாதி வெளியேறவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் வழக்கம்போல ஒன்று, இரண்டாகப் போடத் தேவையில்லை. அதே காரணத்தால் பக்கவிளைவும் நிறுத்திய பிறகு மாதங்கள் நீடிக்கும். பீட்டா பிளொக்கரைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நாடி எகிறும், நெஞ்சுவலியும் வரலாம். மாரியில் வெள்ளம் வந்து படுவான்கரைப் பாதைகள் மூடுவது எங்களுக்குப் புதிதில்லை. கார்த்திகை, மார்கழிக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு, கைவசம் இரண்டு வாரக் குளிசையாவது கூடுதலாக வைத்திருங்கள், முக்கியமாக பிசோப்ரோலோலும் அட்டெனோலோலும்.

டிகொக்சினும் மற்றவையும்

1785இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் நூல் எழுதிய டிஜிட்டலிஸ் செடி வகையிலிருந்து வந்தது டிகொக்சின். ஓய்ந்திருப்பவரின் நாடியைக் குறைக்கும், ஆனால் ஓடியாடி வேலை செய்யும்போது போதாது. ஆகவே வெள்ளாமை செய்பவரைவிட வீட்டோடு இருக்கும் முதியவருக்கே பொருந்தும். பீட்டா பிளொக்கர் அளவுக்குக் களைப்பைத் தருவதில்லை என்பது நல்லது. நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி மிகக் குறுகியது என்பது கெட்டது. சாப்பாட்டில் வெறுப்பு, ஓங்காளம், பொருட்கள் மஞ்சளாகத் தெரிவது நஞ்சேறியதன் அறிகுறி. வயிற்றோட்டம் வந்தாலும், ஃப்ரூசெமைட் போன்ற நீர்க்குளிசையால் பொட்டாசியம் குறைந்தாலும் அந்த ஆபத்துக் கூடும். அமியோடரோன் சேர்ந்தால் டிகொக்சின் அளவைப் பாதியாக்குவார்கள். பொட்டாசியத்துக்கு இளநீர் நல்லதென்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் ஸ்பைரோனோலக்டோன், லோசார்டன் எடுப்பவர்களுக்கும் நாள்தோறும் இளநீர் ஆபத்து.

வெராபமில் மலச்சிக்கலையும் டில்டியாசெம் கால் வீக்கத்தையும் தரும். முட்டு வருத்தத்தால் பீட்டா பிளொக்கர் எடுக்க முடியாதவர்களுக்கு நல்ல மாற்று, இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. இன்னொரு தாள மருந்தான சோட்டலோலுக்கு ஈசிஜியும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும், இதற்கு மேல் அது பற்றி இங்கே தேவையில்லை.

நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் எழும் கேள்விக்கும் இந்த ஒப்பீடு உதவும். நாளுக்கொரு முறை எடுக்கும் பிசோப்ரோலோல், அமியோடரோன் போன்றவற்றை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது பலருக்கு முடிகிற காரியம். டிகொக்சினும் நீர்க்குளிசையும் சேர்ந்து எடுப்பவருக்கு நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருப்பது அவ்வளவு எளிதில்லை. ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரான கிளினிக்கிலேயே கேட்டால் அளவை மாற்றிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

என் தெரிவு என்ன? நடமாடி வேலை செய்யும் ஒருவருக்கு, டொக்டருக்கும் சம்மதமென்றால், முதலில் பீட்டா பிளொக்கர். அதன் களைப்பைச் சகித்து, சொல்லி, அளவைத் திருத்திக்கொள்ளலாம். அது போதாதபோது அமியோடரோன், ஆனால் சோதனைகளோடு மட்டும்: தொடங்கும் முன் தைரொயிட், ஈரல், நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரொயிட்டும் ஈரலும். கிளினிக்கில் டொக்டர் உங்களோடு பேசும் நேரம் சில நிமிடங்கள்தான். அதில் “ஒத்துப்போகுது டொக்டர்” என்று சொல்லி எழும்பாமல், “கடைசியா எப்ப எனக்கு தைரொயிட் பார்த்தது?” என்று கேளுங்கள். திகதி கொப்பியில் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேலாகியிருந்தால் அன்றே இரத்தம் எடுக்க எழுதித் தரச் சொல்லலாம்.