எய்லீன் கிரே படத்துக்கு எந்தச் சட்டம் (ஃபிரேம்)? குமரி மாவட்டத்து ஈரத்தில் ஓர் அலசல்

1926-இல் பாரிஸில் பெரனிஸ் அபட் எடுத்த எய்லீன் கிரேயின் கறுப்பு வெள்ளைப் படம், நவீன வடிவமைப்பை விரும்புகிறவர்கள் வீட்டுச் சுவருக்குத் தேடும் படங்களில் ஒன்று. கிரே 1878-இல் அயர்லாந்தில் பிறந்தவர். குழாய் எஃகில் மேசையும் நாற்காலியும் செய்தவர். பிரான்சின் தென்கரையில் இ-1027 என்ற வீட்டை 1929-இல் கட்டி முடித்தவர். ஜப்பானியக் கலைஞர் சுகாவாராவிடம் அவர் கற்ற அரக்குப் பூச்சு ஈரக்காற்றில்தான் இறுகும். அதே ஈரக்காற்றுதான் அவர் படம் அச்சான தாளைக் கெடுக்கிறது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. மற்ற ஊர்க் கணக்கு இங்கே உதவாது.

கடையில் கிடைப்பவை மூன்று வகை: எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) ஒட்டிய லேமினேஷன், கட்டையில் இழுத்து அடித்த கேன்வாஸ், கண்ணாடிக்குள் வைத்த தாள் அச்சு. நமது தேர்வு மூன்றாவதுதான். காரணம், அதை மட்டுமே பின்னால் திறந்து பார்க்க முடியும்.

லேமினேஷன் மலிவு, துடைப்பதும் எளிது. ஆனால் எம்டிஎஃப் விளிம்பு வழியாக ஈரம் குடித்து உப்பும், மேலே பிளாஸ்டிக் கொப்புளம் கட்டும். உரித்தால் படமும் கூடவே போகும். உருவப்படத்துக்கு இதை எண்ணவே வேண்டாம்.

கேன்வாஸ் எடை குறைவு, கண்ணாடியின் எதிரொளிப்பு கிடையாது. வண்ண ஓவியம் என்றால் நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தப் படத்தின் உயிர், கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும் மெல்லிய சாம்பல் நிழலில் இருக்கிறது; கேன்வாஸின் நெசவு அதை விழுங்கிவிடும். மழையில் துணி தொய்யும், பங்குனி வெயிலில் விறைக்கும். மூலைகளில் ஆப்பு வைத்த கட்டை என்றால் தட்டி இறுக்கலாம். பெரும்பாலும் ஸ்டேப்ளர் அடித்த வெறும் கட்டைதான் கிடைக்கிறது. குளச்சல் போன்ற கடலோரத்தில் அந்தப் பின்கள் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். கட்டாயம் கேன்வாஸ்தான் என்றால் பருத்தியை விட்டு பாலியஸ்டர் துணி கேளுங்கள்.

இனி தாள் அச்சு. ஏ3 அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமானால் கோப்பு 3508 × 4961 பிக்சல் இருக்க வேண்டும். பிக்மென்ட் மையில் (கரையாத நிறத்துகள் கொண்டது), பளபளப்பில்லாத மேட் தாளில் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் வண்ண மைகளைக் கலந்து சாம்பல் நிறத்தை உண்டாக்கினால் பச்சையோ ஊதாவோ தட்டும். கறுப்பிலேயே இரண்டு மூன்று தரம் உள்ள பிரிண்டர் நல்லது.

தாள் கண்ணாடியைத் தொடவே கூடாது. தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழியாமல் பிரிக்க முடியாது. நடுவில் ஜன்னல் போல வெட்டிப் படத்தின் மேல் வைக்கும், அமிலமில்லாத 1.4 மில்லிமீட்டர் மவுண்ட் அட்டை அந்த இடைவெளியைத் தரும். சாதா அட்டையில் வெட்டிய ஓரம் பழுத்து, தாளில் பழுப்புக் கோடு விழும். தாளை மேல்பக்கம் இரண்டே இடத்தில், மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் செலோடேப் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாளுக்குப் போக இடமில்லாமல் அலை அலையாகச் சுருங்கும்.

பின்பலகைதான் முக்கியம். கடைக்காரர் வழக்கமாகப் போடும் ஹார்ட்போர்டு, சுவர் ஈரத்தை உறிஞ்சிப் படத்துக்குக் கொடுக்கும். பெயர்ப்பலகை செய்யும் இடத்தில் மிஞ்சும் 3 மில்லிமீட்டர் ஏசிபி ஷீட் துண்டு கேட்டு வாங்குங்கள். இரு பக்கமும் அலுமினியம், ஈரம் ஏறாது. படத்துக்கும் அதற்கும் நடுவே ஜன்னல் வெட்டாத இன்னொரு மவுண்ட் அட்டை. பிறகு ஆணி அடிக்காமல், திருப்பித் திறக்கும் பித்தளைத் தகடு வைத்து மூடுங்கள். அடைப்பதை மாசி, பங்குனியில் செய்யுங்கள். மழைநாளில் அடைத்தால் அன்றைய ஈரமும் உள்ளே மாட்டிக்கொண்டு கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும்.

தை பிறந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். பூசணம் புள்ளியாகத் தெரிந்தால் ஈரத்துணி படக்கூடாது, புள்ளி தேய்ந்து கறையாகும். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். மற்ற இரண்டு வகையிலும் இந்த வாய்ப்பே இல்லை.

சட்டத்துக்கு தேக்கு அல்லது அயனி. நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரம், மருந்தேற்றாமல் இருந்தால் பூசணத்தால் நீலக்கறை பாயும், வண்டு துளைக்கும். சிந்தெடிக் (பிளாஸ்டிக்) சட்டம் பார்க்கச் சுமார். ஆனால் கரையான் தொடாது.

கண்ணாடியா, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கா என்றால், 50 × 70 சென்டிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 1.75 கிலோ, அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு. அக்ரிலிக் கீறும், தூசி இழுக்கும், அமோனியா கலந்த கிளீனர் பட்டால் மங்கும். இங்கே அதைப் போட்டவர்கள் குறைவு என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். குழந்தைகள் ஓடும் அறைக்கு மட்டும் அதை யோசிக்கலாம்.

மழைச்சாரல் அடிக்கும் மேற்கு வெளிச்சுவரை விட்டு, உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் 5 மில்லிமீட்டர் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். அதனால் பல்லி அங்கே முட்டை வைக்காது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை பின்புறம் விளக்குமாறு காட்டுங்கள்.