பழைய காருக்கு ரேக் ஸ்டீயரிங் போடக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நீளமான பதிவுதான். ஆனாலும் பழைய கார் வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் பாக்ஸைத் தூக்கிவிட்டு ரேக் அண்ட் பினியன் போடலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள். நான்கு மாதம் வண்டியை ஒரு பட்டறையில் விட்டு, ஓட்டவே பயப்படும் நிலையில் திரும்ப எடுத்து வந்தேன். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்பவர்கள் இன்னும் இருப்பார்கள். வேலை சரியா தவறா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டால் எந்தப் பட்டறையிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங். பெரியப்பா ஆசை ஆசையாக வைத்திருந்தது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. இன்ஜின், பிரேக் எல்லாம் நன்றாகவே இருந்தன. குறை ஸ்டீயரிங்கில் மட்டும்தான். நேர்ச் சாலையிலேயே ஸ்டீயரிங் சக்கரத்தை இரண்டு விரற்கடை இப்படியும் அப்படியும் திருப்பலாம், வண்டி அசையாது. ஒரு மணிநேரம் ஓட்டினால் தோள் வலிக்கும்.

இந்தக் காரில் இருப்பது ரீசர்குலேட்டிங் பால் வகைப் பாக்ஸ், அதாவது உள்ளே சின்னக் குண்டுகள் உருளும் பல்சக்கரப் பெட்டி. அதிலிருந்து பிட்மேன் ஆர்ம் என்ற ஆடும் கை, அதோடு குறுக்கே ஒரு சென்டர் லிங்க், அதன் மறுமுனையைத் தாங்க ஐட்லர் ஆர்ம், அப்புறம் இரண்டு பக்கமும் சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் டை ராடு. மூட்டுக்கு மூட்டு கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தாலும் அத்தனை ஆட்டமும் சேர்ந்து கைக்கு வந்துவிடும். ரேக்கில் இந்தச் சங்கிலி கிடையாது. பினியன் சுழன்றால் பல் வெட்டிய தண்டு இடமோ வலமோ நகரும், தண்டோடு டை ராடு, டை ராடோடு சக்கரம். கேட்கும்போதே ஆசை வரத்தானே செய்யும்.

ரேக் ஒன்றும் நேற்று வந்த சங்கதி இல்லை. சிட்ரோயன் டிராக்ஷன் அவான்ட்டில் 1936லேயே இருந்தது. 1948இல் வந்த மோரிஸ் மைனர், 1959 மினி, 1961 ஜாகுவார் ஈ டைப் எல்லாமே ரேக்தான். மஸ்டாங்குக்கே 1974 மாடலில் ஃபோர்டு ரேக் போட்டுவிட்டது. ஆனால் அந்தக் கார்கள் ஒவ்வொன்றிலும் ரேக் எங்கே உட்கார வேண்டும், சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆட விடும் கண்ட்ரோல் ஆர்ம் எங்கே மடங்க வேண்டும், டை ராடு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்த்து முடிவு செய்தவை. இதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியது பட்டறைக்காரர், அவரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். இந்தக் காருக்கென்றே தயாரித்து விற்கும் ரேக் கிட் போடலாமா என்பது ஒன்று. பழைய பாக்ஸைச் சேதமில்லாமல் கழற்றித் தர வேண்டும் என்பது இன்னொன்று. "சார், அந்தக் கிட்ல இருக்கறதும் ஒரு ரேக்தான். பிராக்கெட்டை நாமளே அடிச்சிடலாம். போட்டதும் பாருங்க, வெண்ணெய் மாதிரி திரும்பும்" என்றார். பழைய பாக்ஸுக்கு, "அது உங்க பொருள் சார், அப்படியே தர்றேன்" என்றார். இரண்டு வாரத்தில் முடித்துத் தருவதாகப் பேச்சு. நம்பினேன்.

கிட் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கார்களுக்கு வரும் நல்ல கிட்டுகள் பலவற்றில் செவர்லே கவாலியர் மாதிரியான காரில் வரும் ரேக் இருக்கும். அதில் டை ராடுகள் ரேக்கின் இரு முனையில் இல்லாமல் நடுவில் மாட்டப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பட்டை கொடுத்து, டை ராடின் உள் மூட்டுகளைப் பழைய சென்டர் லிங்க்கில் இருந்த அதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். என் வண்டிக்கு அவர் போட்டது, உடைசலுக்குப் போன ஏதோ ஒரு சின்ன முன்சக்கர இழுவைக் காரின் ரேக். அதில் டை ராடுகள் முனையில்தான் இருக்கும்.

நான்கு மாதம் கழித்து வண்டி வந்தது. நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தால் உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தது. சந்தோஷமாகக் கிளம்பினேன்.

சந்தோஷம் முதல் மேடு வரைதான். வலது சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறியதும் வண்டி சட்டென்று வலது பக்கம் வெட்டியது. நான் திருப்பவே இல்லை. அடுத்து ஒரு சிக்னலில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தேன். மூக்கு இறங்கியதும் முன்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. கை நடுங்க ஓரமாக நிறுத்தி, வெகுநேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

போனில் சொன்னதும், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், பழகிடும்" என்றார். மறுநாள் நேரில் போனபோது டயர் அகலம் என்றார், ரோடு சரியில்லை என்றார். டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறது என்று பார்த்த அலைன்மென்ட் சீட்டை எடுத்து நீட்டினார். அந்தச் சீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்டி அசையாமல் நிற்கும்போது எடுத்த கணக்கு அது. கோளாறு சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது மட்டும் தலைகாட்டுவது. இதற்குப் பெயர் பம்ப் ஸ்டீயர். ஸ்டீயரிங்கைத் தொடாமலே, சக்கரம் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் தானாகத் திரும்பிக்கொள்வது.

பிறகு பந்தயக் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் வண்டியை இழுத்துக்கொண்டு போனேன். ஓட்டிப் போகத் துணிவில்லை. அவர் ஓட்டியே பார்க்கவில்லை. ஸ்டாண்டில் ஏற்றி, காயில் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டினார். வீல் ஹப்பில் நேரான பலகை ஒன்றை போல்ட் போட்டு முடுக்கி, பலகையின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் அளவுக் கடிகாரம் வைத்தார். வண்டி சாதாரணமாக நிற்கும் உயரத்தில் இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பத்து மில்லிமீட்டர் ஏற்றுவதற்குள் முள் நகர ஆரம்பித்துவிட்டது. ஐம்பது மில்லிமீட்டர் ஏற்றியபோது அந்த ஒரு சக்கரம் மட்டும் 11 மில்லிமீட்டர் வெளியே விரிந்திருந்தது. கீழே ஐம்பது இறக்கினால் 7 மில்லிமீட்டர் உள்ளே மடங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தாளில் எழுதிக்கொண்டே போனார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணத்தை அவர் விளக்கியபோது ரொம்ப எளிமையாக இருந்தது. சக்கரம் மேலே போகும்போது கண்ட்ரோல் ஆர்ம்களின் உதவியால் ஒரு வளைவில் போகும். டை ராடின் வெளி முனையும் அதே வளைவில் போக வேண்டும். அதற்கு உள் மூட்டின் உயரமும் டை ராடின் நீளமும் சரியாக அமைய வேண்டும். என் வண்டியில் ரேக், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இடித்திருக்கிறது. இடிக்காமல் இருக்க, பட்டறையில் அதை 25 மில்லிமீட்டர் கீழே இறக்கிவிட்டார்கள். அதனால் டை ராடு உள்பக்கம் சரிந்து நிற்கிறது. சக்கரம் ஏறும்போது சரிவு இன்னும் கூடி, வெளி முனை உள்ளே இழுக்கப்படுகிறது. இந்தக் காரில் டை ராடு அச்சுக்குப் பின்னால் இருப்பதால், பின்பக்கம் உள்ளே போனால் சக்கரத்தின் முன்பக்கம் வெளியே விரியும். டை ராடு நீளம் குறைந்ததும் கோளாறுதான், ஆனால் அதன் பங்கு சின்னது. பெரிய பாவம் அந்த 25 மில்லிமீட்டர். பிரேக் பிடித்து மூக்கு இறங்கும்போது இரண்டு சக்கரமும் ஒன்றாக விரிந்தால் வண்டி நெளியாமல் வேறென்ன செய்யும்?

அடுத்தது பிராக்கெட். என்னைக் கீழே படுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்க ஒரு பையனை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னார். முதலில் நகர்ந்தது சக்கரம் இல்லை. ரேக்கின் முழு உடம்பும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தது. அது நின்ற பிறகுதான் சக்கரம் திரும்ப ஆரம்பித்தது. மெல்லிய ஆங்கிள் இரும்பில் அடித்த பிராக்கெட், குறுக்கே ஒரு தாங்குபட்டைகூட இல்லை. வலது பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு, கோட்டில் துரு கசிந்திருந்தது. வண்டி பட்டறையை விட்டு வந்து மொத்தம் ஓடியது ஒரே ஒரு நாள்.

எனக்கு இன்றுவரை மனது ஆறாதது ஸ்டீயரிங் ஷாஃப்ட் விஷயம். 1966 மஸ்டாங்கில் பாக்ஸிலிருந்து கையில் பிடிக்கும் ஸ்டீயரிங் சக்கரம் வரை ஒரே நீள ஷாஃப்ட். முன்னால் மோதினால் அது ஈட்டி மாதிரி ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கி வரும். அமெரிக்காவில் 1968 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி 204, மணிக்கு 48 கிலோமீட்டர் வேக மோதலில் ஸ்டீயரிங் காலம் (ஷாஃப்ட்டும் அதைச் சுற்றிய தூணும், ஆங்கிலத்தில் column) 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் தள்ளப்படக் கூடாது என்கிறது. என் வண்டி அதற்கு முந்தியது. ரேக் போட்டால் நடுவில் மூட்டுகள் வரும், ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் ஷாஃப்ட் போடலாம், வீட்டு மனிதர்களை ஏற்றிக்கொண்டு போகப் பயமில்லை என்பதும் நான் இந்த வேலையில் இறங்கியதற்கு ஒரு காரணம். பட்டறைக்காரரிடம் அதையும் சொல்லியிருந்தேன்.

அவர் செய்தது இது. ஸ்டீயரிங் காலத்தைக் கழற்றும் வேலையை மிச்சம் பிடிக்க, பழைய ஷாஃப்ட்டை அப்படியே நடுவில் அறுத்துவிட்டார். மேல் துண்டின் மேல் ஒரு குழாயைச் சொருகிச் சுற்றி வெல்டிங் வைத்துவிட்டார். அதற்குக் கீழே மூன்று யூ ஜாயின்ட், அதாவது ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுழல விடும் மூட்டு. மூன்று போட்டால் நடுவில் ஷாஃப்ட்டைத் தாங்க ஒரு பேரிங் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு தொய்ந்து மடங்கும். பேரிங் இல்லை. மூட்டுகளின் கவைகளும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஒரு யூ ஜாயின்ட் 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை 13 சதவீதம் மெதுவாகவும் 15 சதவீதம் வேகமாகவும் சுழலும். கவைகளை நேர்ப்படுத்தினால் ஒன்றின் கோணலை இன்னொன்று சரிசெய்துவிடும். நேர்ப்படுத்தாததால் என் கையில் ஸ்டீயரிங் ஒரு இடத்தில் இலகுவாகவும் அடுத்த இடத்தில் இறுக்கமாகவும் இருந்தது. மூட்டைப் பிடிக்கும் செட் ஸ்க்ரூவுக்கு ஷாஃப்ட்டில் குழி போடவில்லை, லாக் நட்டும் இல்லை. அண்ணன் விரலாலேயே ஒன்றைச் சுழற்றிக் காட்டினார்.

பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டுத் தந்திருந்தார்கள். அதைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐட்லர் ஆர்மின் புஷ் முழுக்கத் தேய்ந்து கைக்கு லொடலொடவென்று ஆடியது. சென்டர் லிங்க்கின் ஒரு மூட்டும் அப்படியே. ஷாஃப்ட் அறுபட்ட பாக்ஸை வைஸில் பிடித்து, மிச்சமிருந்த தண்டைத் திருப்பினார் அண்ணன். வழவழவென்று சுழன்றது. நடுவில் மட்டும் துளி ஆட்டம். மேலே இருக்கும் சரிசெய்யும் ஸ்க்ரூவை லேசாக முடுக்கினார், அதுவும் போய்விட்டது. "தம்பி, இது நல்ல பாக்ஸ்பா" என்றார். ஷாஃப்ட்டும் பாக்ஸும் ஒரே பொருள் என்பதால் இனி அதைத் திரும்ப மாட்ட முடியாது. பெரியப்பா அத்தனை வருஷம் பிடித்து ஓட்டிய ஷாஃப்ட் அது.

அதனால் ரேக் யோசனை உள்ளவர்கள் முதலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவரை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, கீழே படுத்து மூட்டு மூட்டாகக் கை வைத்துப் பாருங்கள். ஆட்டம் ஐட்லரிலோ டை ராடு முனையிலோ இருந்தால் அதை மாற்றி, பாக்ஸைச் சரிசெய்து, ரேடியல் டயருக்கு ஏற்ப காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டி அலைன்மென்ட் பார்த்த பிறகும் திருப்தி இல்லையென்றால் ரேக்குக்குப் போங்கள். போனால், உங்கள் காரின் மாடலுக்கென்றே செய்த கிட் மட்டும் வாங்குங்கள். பம்ப் ஸ்டீயர் அளந்து, தாளில் எழுதி, உங்கள் கண் முன்னால் காட்டினால்தான் கடைசிப் பணம் என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். அப்படி அளக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பம்ப் ஸ்டீயர் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டை ராடு வந்து மாட்டும், சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டீயரிங் ஆர்மைச் சூடு காட்டி வளைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் அதேதான். அது பதப்படுத்தி அடித்த இரும்பு, சூடு ஏறினால் பதம் போய்விடும். ஸ்டீயரிங் மாற்றத்தைக் காப்பீட்டிலும் பதிவிலும் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் அதையும் செய்யவில்லை.

இப்போது வண்டியில் புதுப்பித்த பழைய வகைப் பாக்ஸும், புது ஐட்லரும், சென்டர் லிங்க்கும் இருக்கின்றன. அதே பலகை, அதே கடிகாரம் வைத்து அளந்தோம், 50 மில்லிமீட்டர் ஏற்றினால் 3 மில்லிமீட்டர். இந்தக் காருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் பம்ப் ஸ்டீயர் உண்டு. ஸ்டீயரிங் கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சு கேட்கிறது. மடங்கும் ஸ்டீயரிங் காலத்துக்கான வேலையை அண்ணன் தனியாக அளவெடுத்து வைத்திருக்கிறார்.

ரேக்கையும் பிராக்கெட்டையும் திருப்பிக் கொடுத்தால் கூலியில் பாதி தருவதாக அந்தப் பட்டறையிலிருந்து போன வாரம் போன் வந்தது. எதற்கு என்று கேட்டேன். அதே மாதிரி இன்னொரு வண்டி வந்திருக்கிறதாம். கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே பிராக்கெட் இரண்டையும் நடுவில் அறுத்துப் போட்டேன்.