ஐபோனுக்கு மாறவா, சம்சுங்கிலேயே இருக்கவா? செம்மண் தோட்டத்தில் கிடைத்த விடை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐபோனுக்கு மாறுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். ஐபோன் மட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். பல விடயங்களில் அது என் பழைய சம்சுங்கை விட மேல்தான். அப்படியிருந்தும் ஏன் மாறவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன் ஒப்பீடு என்றாலே எல்லோரும் வேக அளவீட்டையும் இரவுப் படத்தையும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் போனும் கையுமாகத் திரிகிறவருக்கு அது பாதிக் கதைதான்.

நான் விவசாயப் போதனாசிரியர். சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத் தோட்டங்களில்தான் என் வேலை நாட்கள் பெரும்பாலும் கழிகின்றன. நோய் பிடித்த வெங்காயத் தாளைப் படம் எடுப்பது, கமக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பதில் சொல்வது, மாலையில் அவற்றை அலுவலகக் கணினியில் ஏற்றுவது. எல்லாம் போனில்தான்.

2021இல் சம்சுங் கலக்ஸி ஏ52 வாங்கினேன். 4500 எம்ஏஎச் பற்றறி, ஐபி67 நீர்க்காப்பு, இயர்போன் துளை, மெமரி கார்ட் போடும் இடம். இந்த நான்கும் ஒன்றாக அமைந்த நடுத்தர விலைப் போன் அப்போதே அரிது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட காலத்தில் என் வீட்டில் கடைசிவரை உயிரோடு இருந்தது அதுதான். எரிபொருள் கியூஆர் குறியீட்டைக் காட்டி ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்ததும் அதில்தான். ஒரு முறை இறைப்பு நடந்துகொண்டிருந்த வாய்க்காலில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன், பேசாமல் வேலை செய்தது. இதை நம்பி யாரும் போனைக் கழுவிவிட வேண்டாம். ஐபி எண்கள் சுத்தமான நீரில் சோதித்துத் தரப்படுபவை. கிருமிநாசினி கலந்த நீர் அந்தக் கணக்கில் இல்லை. நீர் புகுந்து பழுதானால் வாரண்டியும் பொதுவாகக் கைகொடுக்காது.

அன்ட்ரொய்ட் 11 உடன் வந்த ஏ52, 14 வரை ஏறியது. நான்கு வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025இல் முடிந்துவிட்டன. வங்கிச் செயலி இருக்கும் போனில் இதைக் கண்டும் காணாமல் விட முடியாது. அதனால்தான் மாறுவதா என்ற கேள்வியே எழுந்தது.

பதில் தேட வசதியாக ஒரு ஐபோன் வீட்டிலேயே இருந்தது. 2024 நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த தம்பி, போகும்போது தன் ஐபோன் 15ஐ என்னிடம் விட்டுவிட்டுப் போனான். முதலில் வீட்டுப் பாவனைக்கு மட்டும் வைத்திருந்தேன். பிறகு ஒரு வெங்காயப் போகம் முழுவதும் அலுவலக இலக்கத்தையும் அதிலேயே போட்டு ஓட்டினேன். இரண்டு போனையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஐபோனில் பிடித்ததைச் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. காணொளி அருமை. ஸ்கூட்டியை நிறுத்தாமல் எடுத்தால்கூட ஆட்டம் தெரியாது என்று என் கணவர் சொல்கிறார்; நான் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன். தமிழ் எழுத எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் 2013இல் ஐஓஎஸ் 7 வந்த நாளிலிருந்தே உள்ளே இருக்கின்றன. 15 தொடரிலிருந்து டைப் சி வந்துவிட்டதால் வீட்டில் தனிச் சார்ஜர் வயர் வேண்டாம். முந்திய ஐபோன்களின் பற்றறி 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவில் நிற்கும் என்று சொல்லிவந்த அப்பிள், 15 தொடருக்கு அதை 1000 சுற்றுகள் என்று திருத்தியிருக்கிறது. நாள் தவறாமல் சார்ஜ் போடுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ஏ52இன் திரை உச்சத்தில் 800 நிட்ஸ் வெளிச்சம் தரும். ஐபோன் 15 வெளியிடத்தில் 2000 நிட்ஸ் வரை போகும். காலை பத்து மணி வெயிலில் ஐபோன் படம் பளிச்சென்று தெரியும். ஏ52ஐக் கையால் மறைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த வெளிச்சம் நாள் முழுவதற்கும் உத்தரவாதமில்லை. ஐபோனைப் பாவிக்கத் தகுந்த சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை என்று அப்பிளே குறிப்பிட்டிருக்கிறது. சூடு ஏறினால் திரையை மங்கவைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது; மற்றப் போன்களும் ஏதோ ஒரு விதத்தில் இதைச் செய்கின்றன. சித்திரை வெயிலில், மரம் மட்டை இல்லாத வெங்காயத் தோட்டத்தின் நடுவில், எந்த விலைப் போனும் சிறிது நேரத்தில் தன் பெருமையை மறந்துவிடும். கவரைக் கழற்றி வாழை நிழலில் வைத்தால் தெளிந்துவிடும். அவசரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். உள்ளே நீர் கோத்துவிடும், வேண்டாம்.

கமராவில் எனக்கு வேண்டியது வேறு. வெங்காயத் தாளின் இடுக்கில் ஒளிந்திருந்து, தாளைச் சுரண்டி வெள்ளைத் திட்டுகளாக்கும் ஒரு பூச்சி இருக்கிறது. நீளம் ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. ஐபோன் 15இல் மிக அண்மைப் படம் எடுக்கும் வசதி இல்லை. அது 13 புரோவில் தொடங்கிப் புரோ வகைகளில் மட்டும் இருந்து, 16இல்தான் சாதாரண ஐபோனுக்கு வந்தது. ஏ52இல் அதற்கென்றே ஒரு கமரா உண்டு. அதுவும் 5 மெகாபிக்சல்தான், பூச்சி இருக்கிறது என்று தெரியுமே தவிர எந்தப் பூச்சி என்று தெரியாது. கடைசியில் எனக்கு உதவியது பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை. வில்லையைப் பிரதான கமராவின் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, போனை மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் பூச்சியின் கால் வரை தெளிந்துவிடும். இந்த முறையில் இரண்டு போனும் நல்ல படம் தந்தன. ஐபோனின் நிறம் தாளின் உண்மையான பச்சைக்குச் சற்று நெருக்கமாக இருந்தது என்பது என் கருத்து.

எடுத்த படத்தை அலுவலகக் கணினிக்கு மாற்றும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். ஐபோன் வழக்கமாக எச்இஐசி என்ற வடிவத்தில் படத்தைச் சேமிக்கிறது; பழைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அது திறக்காது. கமரா அமைப்புகளில் வடிவம் என்ற பகுதிக்குப் போய் எல்லாவற்றுக்கும் பொருந்தும் தெரிவை எடுத்துவிட்டால் ஜேபெக் ஆக வரும். இது தெரிந்தால் சிக்கல் தீர்ந்தது. மெமரி கார்ட் இல்லாத குறை மட்டும் தீராது. ஏ52இன் கார்டைக் கழற்றி வாசிப்பானில் செருகினால் பருவம் முழுவதன் படங்களும் ஒரே இடத்தில் இருக்கும். இணையம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். ஐகிளவுட்டில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. கூகிளில் 15.

திருத்தும் செலவைப் பற்றி யாழ்ப்பாணத்தில் யாரிடம் கேட்டாலும் பெருமூச்சோடுதான் பதில் வரும். நான் வழமையாகப் போகும் சிறு கடையில் இருக்கும் தம்பி ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்.

"அக்கா, ஏ52க்குத் திரை மூன்று விதமாக வரும். கம்பனித் திரை, வேறு போனில் கழற்றிய திரை, கொப்பித் திரை. கொப்பி மலிவு. ஆனால் போட்ட பிறகு விரலடையாளம் வேலை செய்யாது. பிறகு என்னைப் பேசக்கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏ52இன் விரலடையாள உணரி திரைக்கு அடியில் இருந்து ஒளியால் பார்க்கிறது. மலிவான எல்சிடி திரையைப் போட்டால் அந்த ஒளி ஊடுருவாது. ஐபோனில் கதை வேறு மாதிரி. 2018இன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொட்டுப் பற்றறியையும், 2019இன் 11 தொட்டுத் திரையையும் அப்பிளின் பாகம்தானா என்று போனே சோதிக்கிறது. இல்லையென்றால் அமைப்புகளில் அறியப்படாத பாகம் என்று எழுதிக் காட்டும். போன் வேலை செய்யும், ஆனால் விற்கப்போனால் விலை இறங்கும். பழைய ஐபோன் வாங்குகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்: அமைப்புகளில் பொதுப் பகுதிக்குள் போனைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, பாக வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள். எந்தப் போனானாலும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, முன்னால் ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துகளையும் ஒரு இடைவெளியையும் இட்டு 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று தெரிந்துவிடும். இலங்கையில் அப்பிளுக்குச் சொந்தக் கடை கிடையாது என்பதையும், கடை வாரண்டி வேறு, கம்பனி வாரண்டி வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து போன் வரும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி. கனடாவில் 2017 டிசம்பர் முதல் விற்கப்படும் போன்கள் எந்த நிறுவன சிம்முக்கும் பூட்டப்பட்டிருக்கக்கூடாது. பிரித்தானியாவிலும் 2021 டிசம்பரிலிருந்து அதே சட்டம். ஆகவே அங்கிருந்து வரும் புதிய போன்களில் அந்தக் கவலை இல்லை. புதுக் கவலை சிம் துளை. அமெரிக்காவில் ஐபோன் 14 முதலும், கனடாவில் 17 முதலும் சிம் போடும் துளையே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். தம்பி எனக்கு 17 அனுப்பப்போவதாகச் சொன்னபோது நான் முதலில் யோசித்தது இதைத்தான். தோட்டத்தில் போன் உயிரை விட்டால், சிம்மைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரின் போனில் போட்டு அலுவலகத்துக்கு அழைக்கலாம். இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றுதான் வந்திருக்கும். தராசைச் சாய்த்தது கமக்காரர்களின் போன்.

எனக்கு வரும் படங்களில் பாதி மங்கல். ஆகவே தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் படம் எடுக்கவும் சொல்லிக் கொடுக்கிறேன். "ஐயா, முதலில் கமராக் கண்ணைச் சாரத்தால் துடையுங்கள்" என்பதுதான் முதல் பாடம். செம்மண் தூசி அதில் ஒரு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். துடைத்தவுடன் நோய்ப்புள்ளியின் விளிம்பு கூர்மையாகிவிடும். அடுத்தது, வட்ஸ்அப்பில் அனுப்பும் முன் மேலே எச்டி என்று இருக்கும் குறியைத் தொடுவது. 2023இல் வந்த வசதி, பலருக்கு இன்னும் தெரியாது. பிறகு, தட்டச்சு வராதவர்களுக்குக் கூகிள் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிந்து, ஒலிவாங்கியைத் தொட்டுப் பேசச் சொல்வது. பேசியது எழுத்தாக விழுவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் சிரிப்புக்காகவே இந்தப் பாடத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

இவற்றை என் போனில் செய்து காட்டித்தான் சொல்லிக் கொடுக்க முடியும். என் பகுதியில் நான் போகும் தோட்டங்களில் அன்ட்ரொய்ட் அல்லாத போனை நான் கண்டதில்லை. ஐபோனோடு போன பருவத்தில் உரும்பிராயில் ஒரு ஐயா என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ், இதில் பின்னுக்குப் போகிற பொத்தான் எங்கே?" என்று கேட்டார். ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டும் என்று காட்டினேன். அவர் தன் போனிலும் அப்படியே இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவருடையதில் மூன்று பொத்தான்கள் கீழேயே இருந்தன. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கோ மிஸ்" என்று சொல்லி இறைப்பைப் பார்க்கப் போய்விட்டார். இத்தனை காலமாக மெல்ல மெல்லப் பழக்கிய மனிதர்.

அன்ட்ரொய்டிலேயே இருப்பது என்று முடிவானது இப்படித்தான். சம்சுங்கிலேயே இருப்பதா என்பது தனிக் கேள்வி. நான் பழைய நிறுவனத்தை விடாமல் இருக்க நினைத்த காரணங்களை அந்த நிறுவனமே ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஏ53இல் இயர்போன் துளை போனது. 2025இல் வந்த ஏ56இல் மெமரி கார்ட் இடமும் போனது. பெயரைப் பார்த்து ஏ52இன் வாரிசு என்று ஏ56ஐ வாங்கியிருந்தால் எனக்கு அது புது நிறுவனப் போன் மாதிரித்தான் இருந்திருக்கும். இரண்டு படி கீழே இருக்கும் ஏ26இல் கார்ட் இடம் இருக்கிறது, ஐபி67 இருக்கிறது, ஆறு வருடப் புதுப்பிப்புக்கும் வாக்குறுதி கொடுத்திருக்கிறார்கள். அதையே வாங்கிவிட்டேன். வேகம் ஏ56 அளவுக்கு இல்லைதான். வெங்காயத் தாள் எங்கும் ஓடிப்போவதில்லை.

விலையைப் பற்றிப் புலம்ப மாட்டேன். 2024 ஜனவரியில் போன்களும் 18 சதவீத வற் வரிக்குள் வந்த பிறகு புலம்பி என்ன பயன்?

மாறுகிறவர்கள் வட்ஸ்அப் உரையாடல்களைப் பற்றி முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். அன்ட்ரொய்டின் காப்புப் பிரதி கூகிளில், ஐபோனுடையது ஐகிளவுட்டில். ஒன்றை மற்றது திறக்காது. அன்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள், ஐபோன் புத்தம் புதிதாகவோ முழுவதும் அழிக்கப்பட்டதாகவோ இருக்கும் நிலையிலேயே மாற்றும் செயலியால் கொண்டுபோக வேண்டும். ஐபோனிலிருந்து சம்சுங்குக்கு வர வயர் இணைப்பு வேண்டும். நான் சனிக்கிழமை மாலையில், இரண்டு போனிலும் சார்ஜ் நிறைத்துக்கொண்டு, மின்சாரம் போகாது என்று நம்பி உட்கார்ந்தேன். போகவில்லை.

ஐபோன் 15 இப்போது கணவரிடம். ஏ52 அம்மாவிடம், பொத்தான்கள் பழகிய இடத்திலேயே இருப்பதால் அவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தம்பியிடம் 17 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் என்னதான் கொண்டுவர, அக்கா?" என்று கேட்டான். இருபது மடங்கு உருப்பெருக்கும் நல்ல கைவில்லை ஒன்று சொல்லியிருக்கிறேன்.