நம்பிக்கை நிலைகளோடு சில ஆண்டுகள்: ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குழுமத்தில் டிஸ்கோர்ஸ்

சிங்கப்பூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கான ஓர் இணையக் குழுமத்தில் நானும் ஒரு நெறியாளர். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் புதுப்பிப்பு, ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருவது, வேலை அனுமதிச் சந்தேகங்கள் என்று எல்லாமே அங்கே பேசுவோம். முதலில் வாட்ஸ்அப்பில் இருந்தோம். அப்போது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. அதைவிடப் பெரிய தலைவலி, நேற்று வந்தவருக்கும் பல வருடமாகப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவருக்கும் அங்கே வித்தியாசமே கிடையாது. ஒருவர் வம்பு பண்ணினால் வெளியே தள்ளலாம், இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் வேறு வழி எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் டிஸ்கோர்ஸ் என்ற இணைய மன்ற மென்பொருளுக்கு மாறினோம். நற்பெயரை வைத்து வம்பர்களைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு தூரம் நடக்கும், எங்கே நின்றுவிடும் என்று சில ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

டிஸ்கோர்ஸ் 2013இல் வந்த திறமூல மென்பொருள். ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் மூவரும் தொடங்கியது. இதில் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கியோடு சேர்ந்து 2008இல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை ஆரம்பித்தவர். நிரல் எழுதுபவர்களுக்கு அந்தத் தளத்தின் புள்ளிக் கணக்கு மனப்பாடமாக இருக்கும். பதிலுக்கு ஒரு மேல்வாக்கு (பிடித்திருக்கிறது என்ற வாக்கு) விழுந்தால் 10 புள்ளி, கீழ்வாக்கு (பிடிக்கவில்லை என்ற வாக்கு) விழுந்தால் 2 புள்ளி குறையும். பதிலுக்குக் கீழ்வாக்கு போடுகிறவருக்கும் 1 புள்ளி போகும். அந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடிக்கும், அடுத்தவரை மட்டம் தட்டக் கொஞ்சம் விலை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் டிஸ்கோர்ஸில் புள்ளியும் இல்லை, கீழ்வாக்கும் இல்லை. அதற்குப் பதிலாக 0 முதல் 4 வரை ஐந்து நம்பிக்கை நிலைகள் இருக்கின்றன, நிலை உயர உயர உறுப்பினருக்கு உரிமைகள் கூடும்.

இதில் நான் முழு மனதோடு பாராட்டுவது, முதல் படியை எழுதுவதை வைத்து அளக்காமல் வாசிப்பதை வைத்து அளப்பதைத்தான். புதிதாக வருபவர் நிலை 0. ஐந்து இழைகளை (ஒரே தலைப்பின் கீழ் நடக்கும் உரையாடல்களை) திறந்து, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் வாசிப்பில் செலவழித்தால் நிலை 1. அதுவரை அவர் தனிமடல் அனுப்ப முடியாது, ஒரு பதிவில் இரண்டு இணைப்புக்கு மேல் போட முடியாது, படம் ஒன்றுதான். முதல் நாளில் மூன்று இழைகள், பத்துப் பதில்கள், அவ்வளவுதான். நல்ல எண்ணத்தோடு வருகிற யாருக்கும் இது தடையாகவே தெரியாது. கடன் விளம்பரம், போலி வேலைவாய்ப்பு, 'மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்' வகையறாக்கள் இங்கேயே உதிர்ந்துவிடும், பத்து நிமிடம் உட்கார்ந்து படிக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. மாறிய சில வாரங்களிலேயே எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது போல இருந்தது.

கீழ்வாக்கு இல்லாததை ஆரம்பத்தில் பலர் குறையாகச் சொன்னார்கள். பிடிக்காததை எப்படிக் காட்டுவது என்று கேட்டார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் செங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014இல் நான்கு பெரிய செய்தித் தளங்களின் வாசகர் கருத்துகளை ஆராய்ந்தார்கள். கீழ்வாக்கு வாங்கியவர்கள் அடங்கவில்லை. முன்பைவிட அதிகமாக எழுதினார்கள், எழுதியதன் தரமும் குறைந்தது, மற்றவர்களுக்கும் அவர்கள் கீழ்வாக்கு போட ஆரம்பித்தார்கள். யாரும் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள்தான் அதிகம் கிளம்பிப் போனார்கள். எங்கள் நெறியாளர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். வம்பு பண்ணுபவருக்குப் பதில் எழுதாதீர்கள், தவறான பதிவைச் சுட்டிக்காட்டும் புகார்க்கொடியை மட்டும் அழுத்திவிட்டு நகருங்கள் என்பதே எங்கள் முதல் விதி.

அந்தக் கொடி வேலை செய்கிற விதமும் அழகு. போதுமான பேர் கொடி போட்டால் பதிவு தானாக மறைந்துவிடும், எழுதியவருக்குச் செய்தி போகும். பத்து நிமிடம் கழித்து அவரே பதிவைத் திருத்தினால் மறுபடியும் தெரியும். திருத்திய பிறகும் கொடி விழுந்தால் நாங்கள் பார்க்கும்வரை மறைந்தே இருக்கும். பத்து நிமிடம் என்பது கோபம் இறங்க எவ்வளவு பெரிய அவகாசம் என்று இதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. திரும்பி வந்து 'சூடாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்' என்று வாக்கியத்தை மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் வம்பர்களே இல்லை. நாள் முழுக்க வேலை, எம்ஆர்டி ரயிலில் நெரிசல், வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் மதிப்பெண் என்று அலுத்துப்போன மனிதர்கள். அதே செங் குழுவினர் 2017இல் ஒரு பரிசோதனையில், நல்ல மனநிலையில், நாகரிகமான உரையாடலுக்குக் கீழே எழுதச் சொன்னபோதே பதிவுகளில் 35 விழுக்காடு வம்பாக இருந்ததையும், மனநிலையும் முன்னால் இருந்த பதிவுகளும் மோசமாக இருந்தபோது அது 68 விழுக்காடாக ஏறியதையும் காட்டினார்கள். வம்பு என்பது சிலருடைய பிறவிக் குணம் என்று நினைத்து ஆட்களை மட்டும் வேட்டையாடினால் போதாது. முதல் மோசமான பதிவு எவ்வளவு சீக்கிரம் கண்ணிலிருந்து மறைகிறது என்பதில்தான் அந்த இழையின் தலையெழுத்தே இருக்கிறது.

சரி, எங்கே இடிக்கிறது?

நிலை 2க்கு 15 வெவ்வேறு நாட்கள் வந்திருக்க வேண்டும். நிலை 3 என்றால் கடந்த 100 நாளில் பாதி நாட்களாவது வர வேண்டும். எங்கள் குழுமத்தில் கட்டுமானத் துறையிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்கிற தம்பிகள் இருக்கிறார்கள். விடுதியில் தங்கியிருப்பவர்கள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் ஆற அமர உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்கும். வாரம் ஒரு நாள் வந்தால் நிலை 2ஐத் தொடவே மூன்றரை மாதம் ஆகும், நிலை 3 கனவிலும் கிடைக்காது. ஆனால் வேலை அனுமதி, சம்பளப் பாக்கி, வேலையிடக் காயம், ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றியெல்லாம் அவர்கள் எழுதுவது அனுபவத்தில் இருந்து வருவது. தினமும் வந்து காலை வணக்கம் போடுகிறவரைவிட அவர்களுடைய வார்த்தைக்கு மதிப்புக் குறைவாகத் தெரிவது எனக்கு மனசாட்சி உறுத்துகிற விஷயம். நல்லவேளை, இந்த எண்கள் எல்லாவற்றையும் அமைப்புகளில் மாற்றலாம், ஒருவரை நெறியாளரே கையால் உயர்த்தவும் முடியும். நாங்கள் நாட்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம், அந்தத் தம்பிகளில் சிலரை நேரடியாகவே உயர்த்தினோம். வேறு யாராவது இங்கே தமிழ்க் குழுமம் தொடங்கினால் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

லைக் விஷயமும் அப்படித்தான். நிலை 3க்கு 20 லைக் வாங்கியிருக்க வேண்டும், 30 கொடுத்திருக்க வேண்டும், அதுவும் வெவ்வேறு ஆட்களோடு, வெவ்வேறு நாட்களில். எங்கள் மூத்தவர்களுக்கு இதயக்குறியை அழுத்துவது மரியாதையாகவே படுவதில்லை. உதவி செய்தவருக்கு வாயால் நன்றி சொல்ல வேண்டாமா என்று கேட்கிறார்கள். மென்பொருளோ ஒரு பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்துக்குறிகள் கேட்கும். 'நன்றி தம்பி' என்று எழுதினால் ஏற்காது. அந்த வரம்பைக் குறைத்துவிட்டோம். இழைகளில் நன்றிகள் கொஞ்சம் கூடின, அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அப்புறம், லைக் அதிகம் விழுவது தீபாவளி வாழ்த்துக்கும் பொங்கல் கோலத்துக்கும்தான். பாலர் பள்ளிக் கட்டணக் கழிவு பற்றி ஒருவர் மெனக்கெட்டு எழுதிய பதிலுக்கு இரண்டோ மூன்றோ விழும். லைக்கை வைத்துப் பயனை அளக்க முடியாது. அந்த நபர் எல்லோரிடமும் இணக்கமாக இருக்கிறாரா என்பதற்கு மட்டும் அது ஓரளவு அடையாளம்.

போலிக் கணக்குகள் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே அது பெரும்பாலும் டியூஷன் விஷயத்தில்தான் வருகிறது. ஒரு கணக்கு 'நல்ல தமிழ் டியூஷன் ஆசிரியர் யாராவது?' என்று கேட்கும். இன்னொரு புதுக் கணக்கு ஓடி வந்து ஒரு பெயரைச் சொல்லும். இரண்டும் புதுக் கணக்குகளாகவும் ஒரே ஐபி முகவரியில் (இணைய இணைப்புக்கான எண்ணில்) இருந்து வந்ததாகவும் இருந்தால் இரண்டு பதிவுகளையும் கொடியிட்டுக் காட்டுகிற வசதி டிஸ்கோர்ஸில் உண்டு. பயனுள்ள வசதிதான். ஆனால் ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே வாரத்தில் சேர்ந்தாலும், விடுதியில் ஒரே வைஃபையில் பல பேர் இருந்தாலும் அதே எச்சரிக்கைதான் வரும். ஆகவே அதைச் சந்தேகக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம், முடிவு எடுப்பது மனிதர்தான். விசாரிக்காமல் ஒரு தொழிலாளியின் கணக்கை முடக்கினால் அவர் மறுபடி வரவே மாட்டார்.

இவற்றைவிட என்னை அதிகம் வாட்டியது வேறு ஒன்று. நிலை 0 வம்பரை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நிலை 3இல் இருப்பவர் ஆட்களைச் சிறுமைப்படுத்தினால் என்ன செய்வது? நற்பெயர் அமைப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் இது. முன்பு செய்த நல்லது பின்பு செய்வதற்கு உரிமமாகிவிடுகிறது. அவர் ஒரு கெட்ட வார்த்தைகூடப் போட மாட்டார். 'நீங்க பெரிய படிப்புப் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா' என்பார். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இங்கேயே தலைமுறைகளாக இருப்பவர்களும் பேசுகிற இழை என்றால் சரியான இடத்தில் ஊசியைச் செருகுவார். படிக்கிற எல்லோருக்கும் வலிக்கும், யாரும் கொடி போட மாட்டார்கள். 'அண்ணனைப் போய் எப்படி?' என்ற தயக்கம்தான். புதிதாக வந்த பெண்கள் இரண்டு தடவை இதை வாங்கிவிட்டு மூன்றாம் தடவை வரவே மாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு மென்பொருளில் கிடைக்கிற உதவி குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நிலை 3 நிரந்தரம் கிடையாது. கடந்த 100 நாளின் கணக்கு என்பதால், தகுதி குறைந்தால் இரண்டு வார அவகாசத்துக்குப் பிறகு கீழே இறங்கிவிடும். நற்பெயருக்குக் காலாவதி இருப்பது மிக நல்ல யோசனை. இன்னொன்று, ஓர் இழையை மெதுவாக்கும் வசதி. எந்த உறுப்பினராக இருந்தாலும் ஒரு பதிவு போட்டால் அடுத்ததற்கு நாங்கள் வைத்த நேரம்வரை காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2011 பொதுத் தேர்தலில் இருந்து வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசாரத்தை நிறுத்திவைக்கிறார்களே, அதே தத்துவம்தான். யாரையும் சுட்டிக்காட்டாமல் எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் யாருக்கும் முகம் விழாது. தேர்தல் நேரத்திலும் குடியேற்றம் பற்றிய இழைகளிலும் இதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறோம். பெரிய சண்டை ஆகும் என்று பயந்த பல இழைகள் இரண்டு மணி நேர இடைவெளியில் தானாகவே பேச்சுவார்த்தையாக மாறின.

மற்றபடி அந்த அண்ணன்களிடம் நேரில்தான் பேச வேண்டியிருக்கிறது. சின்ன ஊர் இது, தேக்கா சந்தையிலோ கோயிலிலோ பார்த்துவிடுவோம். ஒருவர் தனியாகப் போனால் அது தகராறு ஆகும் என்பதால் இரண்டு நெறியாளர்கள் சேர்ந்து போகிறோம், அவருடைய பதிவுகளையே எடுத்துக் காட்டுகிறோம். பாதிப் பேர் உண்மையிலேயே அதிர்ந்துபோவார்கள், தாங்கள் எழுதியது அப்படி ஒலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மீதிப் பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். ஒரு மூத்த உறுப்பினரை இழப்பது வருத்தம்தான், ஆனால் அவர் இருந்தவரை பேசாமல் இருந்தவர்கள் அதற்குப் பிறகு எழுத ஆரம்பிக்கிறார்கள்.

சின்ன ஊர் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவருடைய அடுக்குமாடி பிளாக் எண்ணையோ வேலையிடத்தையோ பிள்ளையின் பள்ளியையோ கண்டுபிடிப்பது இங்கே சுலபம். துன்புறுத்தலில் இருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. தொல்லை தரும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவதை 2019 திருத்தம் குற்றமாக்கியது. எங்கள் விதிகளில் இது ஒன்றுக்கு மட்டும் எச்சரிக்கை கிடையாது, எந்த நிலையில் இருந்தாலும் கணக்கு உடனே முடக்கப்படும்.

கடைசியாக, தமிழில் வசைச்சொற்களை வடிகட்டுவது. கண்காணிப்புச் சொற்பட்டியல் ஒன்று டிஸ்கோர்ஸில் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்துக்குப் போடுவது போல வெறும் சொல்லைப் போட்டால் தமிழில் பாதி தப்பிவிடும். 'முட்டாள்' என்று போட்டால் 'முட்டாளுக்கு', 'முட்டாளே' எல்லாம் தப்பிக்கும், வேற்றுமை உருபு சேரும்போது கடைசிப் புள்ளியே மறைந்துவிடுகிறது அல்லவா? அதனால் புள்ளியை எடுத்துவிட்டு, 'முட்டாள' என்ற அடியோடு நட்சத்திரக்குறி சேர்த்துப் போட வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டுகிற தமிழுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் தனியாக வேண்டும். பட்டியலில் சிக்கியதை நாங்கள் அழிப்பதில்லை, நெறியாளர் பார்வைக்கு மட்டும் அனுப்புகிறோம். நண்பர்கள் செல்லமாகத் திட்டிக்கொள்வதும் அதில் சிக்கும். பல மாதங்களாகச் சேர்த்த அந்தப் பட்டியலை இங்கே போட மாட்டேன், போட்டால் தப்பிக்கும் வழியும் சேர்ந்தே தெரிந்துவிடும். தமிழ்க் குழுமம் நடத்துகிற நெறியாளர் யாராக இருந்தாலும் தனிமடலில் கேளுங்கள், கோப்பாகவே அனுப்புகிறேன்.