உறையூரில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம்

தங்கை கல்யாணத்துக்காக டொரோண்டோவிலிருந்து மூன்று வாரம் திருச்சி வந்திருந்தேன். நான் ஒரு குடிநோயாளி. குடியை விட்டு நான்கு வருடமாகிறது. டிக்கெட் போட்ட நாளிலிருந்தே ஒரே கவலைதான்: ஊரில் எந்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டத்துக்குப் போவது? 2003-இல் அரசே மதுக்கடை நடத்த ஆரம்பித்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். நான் குடிக்கப் பழகியது இதே தெருக்களில்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் தேடிச் சில எண்களைக் குறித்து வைத்திருந்தேன். முதல் எண் உபயோகத்திலேயே இல்லை. இரண்டாவது அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சரி, அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துக்குப் போன் செய்தேன். "அட்மிஷன் யாருக்கு சார்? அட்வான்ஸ் கட்டிடுவீங்களா?" என்றார்கள். இல்லைங்க, ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டும் என்றதும் லைனைத் துண்டித்துவிட்டார்கள். குடிக்காமல் நான்கு வருடம் இருந்து பழகியவன் நான், தாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக உதவி கேட்கத் துணிந்த ஒருவன் அந்த எண்ணை அழைத்திருந்தால்? அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

மூன்றாவது எண்ணிலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப அழைத்தார்கள். "தம்பி, கூப்பிட்டிருந்தீங்களா? கூட்டத்துல இருந்தேன்." யார் வீட்டுப் பையன், எந்தத் தெரு என்று எதுவும் கேட்கவில்லை. நம் ஊரில் இது பெரிய விஷயம். "உறையூர்தானா? அப்ப சனிக்கிழமை ஆறரைக்கு நாச்சியார் கோவில் ஸ்டாப்புல நில்லுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடி ஸ்கூட்டரில் வந்தார். அறுபதைத் தாண்டியவர். கூட்டம் நடந்தது ஒரு பள்ளி வகுப்பறையில். கரும்பலகையில் பிள்ளைகளின் பின்னக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர்கள் பதினான்கு பேர்: ஆட்டோ ஓட்டுகிறவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டையில் கிரீஸ் கறையோடு நேராகப் பட்டறையிலிருந்து வந்த பையன். எனக்குப் பள்ளியில் ஒரு வருடம் மூத்தவரும் இருந்தார். பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. அவர் லேசாகத் தலையசைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எங்கே, யார் உதவி தேடிக் கை நீட்டினாலும் ஏ.ஏ.யின் கை அங்கே இருக்க வேண்டும், அதற்கு நான் பொறுப்பு என்ற உறுதிமொழி. 1965-இல் டொரோண்டோவில் நடந்த உலக மாநாட்டில் முதலில் சொல்லப்பட்டது. அதே டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு சர்ச் நிலவறையில் வாராவாரம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். இங்கே அதைத் தமிழில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

பேச என் முறை வந்தது. இத்தனை வருடம் ஆங்கிலத்திலேயே பகிர்ந்தவன், அன்றுதான் தமிழில், "அப்பா காரியத்தன்னைக்கு நான் குடிச்சிட்டு வந்தேன்" என்று சொன்னேன். ஆங்கிலத்தில் பலமுறை சொன்ன அதே செய்திதான். தமிழில் அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. யாரும் குறுக்கே பேசவில்லை.

பிறகு துணிப்பை சுற்றி வந்தது. வெளியாரிடம் பணம் வாங்குவதில்லை, உறுப்பினர்கள் போடுவதில்தான் வாடகையும் டீயும். நான் ஐந்நூறு ரூபாயை எடுத்தேன். ஸ்கூட்டர் அண்ணன் மெல்லக் கையைப் பிடித்து, "எல்லாரும் போடுறதையே போடுங்க தம்பி" என்றார். பத்து ரூபாய் போட்டேன்.

அந்தப் பட்டறைப் பையன் குடியை நிறுத்தி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தளும்பியது. பல வருடம் தினமும் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அது வெறும் மன உறுதியால் ஆகிற காரியமில்லை, டாக்டர் வேண்டும். அண்ணன் அவனை விடியும்வரை காத்திருக்க விடவில்லை. கூட்டம் முடிந்த கையோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விட்டார். நான் நடந்தே வீடு திரும்பினேன்.

கல்யாணத்துக்கு முந்தின இரவு மண்டபத்தின் பின்னால், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மாமா பையன்கள் கூப்பிட்டார்கள். "ஒண்ணே ஒண்ணு மாப்ள, தங்கச்சி கல்யாணம்!" நாக்கு ஊறியது, மறைக்க மாட்டேன். சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் குடியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பந்திக்கு என்ன பாயசம், எத்தனை இலை என்று இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்தபோது டிக்கியை மூடியிருந்தார்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இறங்கிய முதல் வாரத்திலேயே ஒரு கூட்டத்துக்குப் போய் ஒரு எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள எண் எடுக்காவிட்டால் அடுத்ததை முயலுங்கள். கூட்டம் எதுவும் அகப்படாவிட்டால் 14446 என்ற மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு. அம்மாவிடம் சொன்னேன். "நான்தான் குடிக்கலையேப்பா, எனக்கு எதுக்கு?" என்றார். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, "அது எந்தக் கிழமைன்னு சொன்னே?" என்று கேட்டார்.