பஞ்சாயத்து வெளிமுகமை (அவுட்சோர்சிங்) வேலை வாங்கித் தர்றோம்னு யாராவது வந்தா உஷார், என் 1,40,000 போச்சு

கை இன்னும் நடுங்குது. எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க. டைப் அடிக்கிறதுதான் என் பிழைப்பு, இன்னைக்கு அதுவே ஓடல.

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவுல, ரோட்டோரமா சின்ன ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். சிட்டா பிரிண்ட், முதியோர் பென்ஷன் மனு, தகவல் உரிமை மனு, பத்திரிகைக்கு மேட்டர் எல்லாம் அடிச்சுக் கொடுப்பேன். வீட்டுக்காரர் மண்டபத்துல விசைப்படகுக்குப் போறவர். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், படகு கரையில கிடக்கும். 2025-ல நிவாரணம் 8,000 ரூபாய். அந்த ரெண்டு மாசத்தை எப்படி ஓட்டப் போறோம்ங்கிற பயத்துலதான் இதுல விழுந்தேன். முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் "ஊருக்கே மனு எழுதற நீ எப்படித்தா ஏமாந்தே"ன்னு கேக்காதீங்க. நேத்துல இருந்து அதையேதான் என்னை நானே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

போனது 1,40,000 ரூபாய்.

பிப்ரவரி கடைசியில ஒருத்தர் கடைக்கு வந்தார். ஐம்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, தோள்ல ஃபைல் பை. ஏழு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். பதினாலு ரூபாய். சில்லறை இல்ல, பத்து குடுங்க போதும்னேன். அவர் விடல. ஜிபேல பதினாலு ரூபாய் அனுப்பிட்டு, "ஒரு பில் போட்டுக் குடு தங்கச்சி. ஆபீஸ் கணக்கு, பதினாலு ரூபாயா இருந்தாலும் கணக்கு கணக்கா இருக்கணும்"னார். நான் பில் புக்கைத் தேடி எடுத்து, தூசி தட்டி, எழுதிக் கொடுத்தேன். அதை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சார்.

அந்த இடத்துலதான் நான் ஏமாந்தேன். பணம் கொடுத்த நாள்ல இல்ல. பதினாலு ரூபாய்க்குப் பில் கேக்கறவன் ஏமாத்துவானான்னு மனசு அன்னைக்கே முடிவு பண்ணிடுச்சு.

அடுத்த வாரமும் வந்தார், அதுக்கடுத்த வாரமும். மூணாவது தடவை டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டே விஷயத்தைச் சொன்னார். மாவட்டத் தலைநகரத்துல அவங்களுக்கு ஒரு கன்சல்டன்சி. ஊராட்சிகளுக்கு ஏகப்பட்ட கோர்ட் கேஸ் இருக்கு, புறம்போக்கு ஆக்கிரமிப்பு, பாதை தகராறு, கடற்கரை ஒட்டிக் கட்டடம் கட்டுன பிரச்சினைன்னு. அதுக்கெல்லாம் ஃபைலை ஸ்கேன் பண்ண, பதில் மனு டைப் பண்ண, நோட்டீஸ் அடிக்க ஆள் கிடையாது. அதனால "சட்ட உதவி மற்றும் அலுவலக உதவிப் பணிகள்"னு வெளிமுகமைக்கு விட்டுட்டாங்களாம். வக்கீல் வேலையை இவங்க பார்த்துக்குவாங்க, டைப்பிங், ஸ்கேனிங் வேலை மட்டும் உள்ளூர்ல நம்பிக்கையான ஒருத்தருக்கு. கடலோரமா பத்து ஊராட்சி, ஒண்ணுக்கு மாசம் 6,000. மொத்தம் 60,000-ல முப்பது சதவீதம் அவங்களுக்கு, மிச்சம் 42,000 எனக்கு.

தடைக்காலத்துல 42,000. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

சும்மா நம்பலங்க. பேப்பர் கேட்டேன். தீர்மான நகல் கொண்டு வந்து காட்டினார். 14.03.2025 தேதி போட்டு, "பொருள் எண் 7: ஊராட்சியின் நீதிமன்ற வழக்குகள் தொடர்பான சட்ட உதவி மற்றும் அலுவலக உதவிப் பணிகளை வெளிமுகமை மூலம் மேற்கொள்வது மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது. தீர்மானம்: ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது." கீழே பச்சை மையில தலைவர் கையெழுத்து, வட்ட முத்திரை. இந்த மாதிரி ஆபீஸ் தமிழை நான் பத்து வருஷமா அடிக்கிறேன். ஒரு எழுத்துப் பிழை இல்ல, ஒற்று கூட சரியா இருந்துச்சு. என் கண்ணுக்கு அது நல்ல டைப்பிங்காத்தான் தெரிஞ்சுது. எங்க பக்கத்து ஊராட்சியில தீர்மானத்தைக் கையால நோட்டுல எழுதுவாங்க, நகல் கேட்டா அந்தக் கோழிக் கிறுக்கலோட ஜெராக்ஸ்தான் வரும். எத்தனை தடவை நானே எடுத்துக் கொடுத்திருக்கேன்! இது மட்டும் ஏன் இவ்வளவு அழகா இருக்குன்னு ஒரு நிமிஷம் தோணலையே.

மார்ச் 24, திங்கக்கிழமை பணம் கொடுத்தேன். டெபாசிட் 1,00,000, பதிவுக் கட்டணம் 15,000, ஆவணக் கட்டணம் 25,000. மொத்தம் 1,40,000. வளையல் நாலும் பேங்க்ல அடகுக்குப் போச்சு. ஜிபேல ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும், அதனால மிச்சம் 40,000 கையில. ஒரு லட்சம் போன அக்கவுண்ட் கன்சல்டன்சி பேர்ல இல்ல, ஏதோ ஒரு பொம்பளை பேர்ல இருந்துச்சு. கேட்டேன். "நம்ம அக்கவுண்டன்ட் தங்கச்சி, மார்ச் முடியுதில்ல, ஆடிட்டுக்காக"ன்னார். சரின்னுட்டேன். ரசீதும் கொடுத்தார். அதோட அடியில பொடி எழுத்துல "ஆலோசனைக் கட்டணம், திரும்பப் பெற இயலாது"ன்னு இருந்ததை நான் படிச்சது ஜூன்ல. வர்றவங்களுக்கெல்லாம் "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிங்க"ன்னு சொல்ற வாய் இது.

லீகல் சைஸ் ஸ்கேனர் ஒண்ணு தவணையில எடுத்தேன். அது தனிக் கணக்கு, 1,40,000-ல சேராது.

இனிமே அவனுக்கு "அவர்" கிடையாது.

ஏப்ரல்ல ஃபைல் வரல. கேட்டா "மார்ச் கணக்கு முடிச்சுக்கிட்டு இருக்காங்க." அடுத்து "பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) மாறுதல் ஆயிட்டார், புதுசா வந்தவர் கையெழுத்துப் போடணும்." மே மாசம் "ஹைகோர்ட் லீவுல்ல தங்கச்சி, கேஸ் ஃபைல் எப்படி நகரும்?" கோடை விடுமுறை இருக்கத்தான் செய்யுது, அதனால அதையும் நம்பினேன். பொய்க்குள்ள பாதி உண்மையைப் பொதிஞ்சு கொடுக்கிறதுல கெட்டிக்காரன். வக்கீல் சாரைப் பாக்கணும்னு நேர்லயே போனேன். மாடியில ரெண்டு ரூம், வெளியே தராசுப் படம் போட்ட போர்டு. "வக்கீல் சார் மதுரைக் கிளைக்குப் போயிருக்கார்"னு ஒரு சின்னப் பொண்ணு சொல்லிச்சு. நாலு தடவை போனேன், நாலு தடவையும் மதுரைக் கிளைதான். அந்த வக்கீலை நான் கண்ணால பார்த்ததே இல்ல. அஞ்சாவது தடவை பூட்டு. கீழே டீக்கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்ததும் கேட்டார், "நீங்களும் டெபாசிட்டாம்மா?"

படகு கடலுக்குப் போன மறுநாள், அதாவது நேத்து, அந்தப் பத்து ஊராட்சியில ஒண்ணுக்கு நேராவே போயிட்டேன். கிளார்க் தம்பிக்கு என்னைத் தெரியும். பேப்பரைக் கையில வாங்கினான், மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை பார்த்தான்.

"அக்கா, இது யார் கையெழுத்து?"

"தலைவர் கையெழுத்துதானே தம்பி."

"எந்தத் தலைவர்? ஜனவரி 5-ஓட எல்லாருக்கும் பதவி முடிஞ்சு போச்சேக்கா. இப்ப தனி அலுவலர்தான், பி.டி.ஓ. மார்ச் 14-ல தலைவரும் கிடையாது, மன்றமும் கிடையாது. யாரு கூடி ஏகமனதா அனுமதிச்சாங்க?"

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. ஏன்னா இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல. அதே ஊர் தலைவர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை பிப்ரவரியில என் கடைக்குத்தான் வந்துச்சு. பழைய மேட்டர்ல "ஊராட்சி மன்றத் தலைவர்"னு இருந்ததுக்கு முன்னாடி "முன்னாள்"னு சேர்க்கச் சொன்னாங்க. என் கையால, இந்த விரலால, "முன்னாள்"னு அடிச்சேன். அடுத்த மாசம் அதே ஆள் "தலைவர்"னு கையெழுத்துப் போட்ட பேப்பரை வாங்கி, ஃபைல்ல வச்சு, 1,40,000 கொடுத்திருக்கேன். அந்தக் கையெழுத்தும் அவரோடது இல்லையாம், அவருக்கே இது தெரியாதாம்.

ஒன்றிய அலுவலகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் கடைக்கு வருவார். அவர்கிட்ட நேத்து சாயங்காலம் காட்டினேன். அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதறேன். நம்ம மாவட்டத்துல கிராம ஊராட்சிக்கு 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்துச்சு, 2025 ஜனவரி 5-ஓட காலம் முடிஞ்சுது. நகராட்சி, பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில தேர்தல். அதனால ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி மாதிரி ஊர்கள்ல இப்பவும் மன்றம் கூடுது, பொருள் வைக்கிறாங்க, தீர்மானம் போடறாங்க, பேப்பர்ல செய்தி வருது. ஜனங்களுக்கு நகராட்சி, ஊராட்சி வித்தியாசம் மனசுல நிக்காது. அந்தக் குழப்பத்துலதான் இவன் சோறு திங்கறான். இப்ப யோசிச்சா, என்கிட்ட அவன் காட்டின பேப்பர் கட்டிங் கூட ஒரு நகராட்சிக் கூட்டச் செய்தி.

தீர்மானம் ஆன உடனே வேலை கிடைச்சுடாதுன்னும் சொன்னார். தீர்மானங்கிறது செலவு பண்ணலாம்ங்கிற அனுமதி மட்டும்தான். அதுக்கப்புறம் டெண்டரோ விலைப்புள்ளியோ கூப்பிடணும். டெண்டருக்குன்னு 1998-ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு, இவ்வளவு நாள்ல விளம்பரம், யார் குறைஞ்ச விலைன்னு எல்லாம் வெளிப்படையா நடக்கணும். பிறகு வேலை உத்தரவு, ஒப்பந்தம். வேலையைச் செஞ்சு பில் வச்சாத்தான் பணம். முன்பணம் கட்ட வேண்டி இருந்தாலும் அது அந்த உள்ளாட்சி பேருக்குத்தான் போகும், எவனோ ஒருத்தனோட அக்கவுண்டன்ட் பேருக்குப் போகாது. "வக்கீலை ஏற்பாடு பண்ற கம்பெனி டைப்பிஸ்ட்கிட்ட டெபாசிட் கேட்டுச்சுன்னா அங்கயே எழுந்து வந்திருக்கணும்மா"ன்னார். வந்திருக்கணும்தான்.

எனக்கு இன்னொரு வயித்தெரிச்சல். எந்த உள்ளாட்சி எந்த வேலையை யாருக்கு, எவ்வளவுக்கு வெளியே விட்டிருக்குன்னு ஆபீஸ் வாசல்ல ஒரு தாள் ஒட்டியிருந்தா இவன் பிழைச்சிருப்பானா? கிராம சபையில வரவு செலவு வாசிக்கிறாங்க, சரி. ஃபேன் சத்தத்துல யாருக்குக் கேக்குது?

இன்னைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போனேன். "கொடுக்கல் வாங்கல் மாதிரி இருக்கேம்மா, சிவில்ல பாருங்க"ன்னாங்க. போலி முத்திரை, போலிக் கையெழுத்து எப்படி சார் கொடுக்கல் வாங்கல் ஆகும்னு நின்னேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். (புகார் வாங்கினதுக்கான ரசீது) போட்டாங்க. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கும் கூப்பிட்டேன், மார்ச்ல போன பணத்துக்கு ஜூன்ல கூப்பிட்டா என்ன ஆகும், பணம் போன அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும். ஒன்றியத்துல கேட்டதுக்கு "எங்க பேரை எவனோ சொன்னா நாங்க என்னம்மா பண்ணுவோம்." 1,40,000 ரூபாய்ங்க. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டல, வலையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதறேன்னு நேத்து குரூப்ல சொன்னேன். இப்ப முடியல, தோணினதைச் சொல்லிடறேன். தீர்மான நகல் காட்டினா தேதியைப் பாருங்க, அன்னைக்கு அந்தப் பதவியில ஆள் இருந்தாரான்னு பாருங்க. அந்த ஆபீஸுக்கே போய்க் கேளுங்க, பஸ் காசு இருபது ரூபாய்தான் ஆகும். தனி ஆள் அக்கவுண்ட்டுக்கு அனுப்பாதீங்க. ரசீதோட கடைசி வரியைப் படிங்க. சந்தேகமா இருந்தா பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்க, எழுதத் தெரியலைன்னா என் கடைக்கு வாங்க, இதுக்கு மட்டும் காசு வேணாம். வக்கீல் வச்சுக்க வசதி இல்லாதவங்க ஜில்லா கோர்ட்ல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமாவே வக்கீல் தருவாங்க. நானும் நாளைக்கு அங்கதான் போறேன்.

அந்த டீக்கடை அண்ணன் கணக்குப்படி என்னையும் சேர்த்து பதினோரு பேர் அந்த மாடிப்படி ஏறி இறங்கியிருக்காங்க. தேவிபட்டினம் பக்கம் ஒரு பொண்ணு, சாயல்குடி பக்கம் ஒரு தம்பி இருக்காங்களாம், பேர் தெரியல. இதைப் படிக்கிறவங்க யாராவது அவங்களா இருந்தா, உங்க கையில இருக்கிற தாளிலயும் 14.03.2025, பொருள் எண் 7-ன்னு இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. சேர்ந்து போய் ஒரே புகாரா கொடுக்கலாம். ரசீதைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, ஜெராக்ஸ் நான் எடுத்துத் தர்றேன்.