டியூப்பில் சைக்கிள் ரப்பர்: யாரிடம் போய்ச் சொல்வது?

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ராத்திரி ஒன்பதரை இருக்கும். "ஏல, அடுப்பங்கரையில என்னமோ வாடை அடிக்கி" என்று அம்மா கூப்பிட்டாள். திருநெல்வேலி பெருமாள்புரத்து வீடு. அன்று மத்தியானம்தான் அடுப்பு ரிப்பேர் பார்த்திருந்தது. தீ சின்னதாக எரிகிறது என்று ஏஜென்சிக்குப் போன் போட்டதில் ஒரு ஆள் வந்தார். பர்னரைக் குத்திச் சுத்தம் செய்தார், நாப்பைக் கழற்றி கிரீஸ் வைத்தார், 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது டியூப்பின் வாயில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டி, "பாருங்கம்மா, பிடிக்கல. ஒண்ணுஞ் செய்யாது" என்றாராம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டிய இடத்தில் தீக்குச்சி!

ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, நூலில் தொங்கும் வெள்ளை மூடியைச் சிலிண்டர் வாயில் மாட்டினேன். லைட் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசலுக்கு வந்துதான் போனையே எடுத்தேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படுத்துக் கிடக்கும். நமக்கு வரும் நாற்றம்கூட அதன் சொந்த நாற்றம் இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்று கலந்துவிடும் மெர்காப்டனுடையது.

அங்கிருந்து ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல், ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்தேன். எது எதற்கு உதவும், எது உதவாது என்பதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் 1906. 2016 ஜனவரியிலிருந்து இருக்கிற எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கும் பொது. ஆனால் பலரும் இதைப் புகார் எண் என்று நினைத்திருக்கிறார்கள். அது கசிவுக்கான அவசர எண். "அந்த ஆள் சரியாச் செய்யல, காசைத் திருப்பித் தரச் சொல்லுங்க" என்று அதில் பேசிப் பயனில்லை. எனக்கு முக்கால் மணி நேரத்தில் ஒருவர் வந்தார், வயசானவர். டார்ச்சை வாசலிலேயே ஏற்றிக்கொண்டு உள்ளே போய், டியூப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடுப்பு மூக்கில் மாட்டும் முனை வெடித்திருந்ததால் மத்தியானம் வந்தவர் அதை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி எறிந்திருக்கிறார். மிச்சத்தை இழுத்து மாட்டி, இழுவையில் கழன்றுவிடாமலிருக்க சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டிச் சுற்றிக் கட்டியிருக்கிறார். "இதத் தூரப் போட்டுறாதீங்க சார்" என்றார் பெரியவர். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

மறுநாள் காலை ஏஜென்சி. எல்லாரும் முதலில் போவது அங்கேதான், பெரும்பாலானவர்கள் திரும்பி வருவதும் அங்கிருந்துதான். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "உங்க பேர்ல சர்வீஸ் ரிக்வெஸ்ட்டே இல்லையே சார்" என்றது. உரிமையாளர் வந்து, "அண்ணாச்சி, அவன் நம்ம ஆளே கிடையாது. நீங்களாக் கூப்ட்டுச் செஞ்சிட்டு எங்கிட்ட வந்து கேட்டா நான் என்ன செய்ய?" என்றார். ரசீது இருக்கிறதா என்றார். இல்லை. ஏஜென்சி மெக்கானிக் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், வாங்கும் காசுக்கு ரசீது தர வேண்டும். அம்மா அட்டையும் கேட்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை. என்னிடம் இருந்தது இரண்டுதான். முந்தின நாள் காலையில் ஏஜென்சிக்குப் பேசியது என் போனில் பதிவாகியிருந்தது. 350 ரூபாயை ஜிபேயில் போட்டிருந்ததால் வாங்கியவரின் பெயரும் நேரமும் கிடைத்தன.

ஏஜென்சியில் நின்று சத்தம் போடுவதில் வேகம் உண்டு, தடயம் இல்லை. அதனால் போவதானால் எழுதிக் கொண்டு போய், நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். கொடுக்க மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தீவிபத்து என்று ஆகிவிட்டால் ஏஜென்சிக்கு உடனே எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு அந்த வழியாகத்தான் நகரும். உயிர் போனால் தலைக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்குத் தலைக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் நடந்த பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்று அதில் இருக்கிறது. 5 வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையின் ரசீதும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு சுரக்ஷா டியூப்பும் அப்போது முக்கியமாகிவிடும். சைக்கிள் ரப்பர் சுற்றிய டியூப்பைக் காட்டி யாரிடம் பணம் கேட்பது?

ஏஜென்சிக்கு மேலே இரண்டு வழி. ஒன்று 1800-2333-555, எண்ணெய் நிறுவனங்களின் கட்டணமில்லா எண். இன்னொன்று மத்திய அரசின் பிஜி போர்ட்டல், அதாவது பொதுமக்கள் குறைகளை இணையத்தில் பதியும் தளம். நான் இரண்டையும் செய்தேன், ஆனால் என் ஓட்டு முதலாவதுக்குத்தான். தமிழில் பேசலாம், உடனே புகார் எண் தருவார்கள், அது நேரே நிறுவனத்தின் கணக்கில் ஏறிவிடும். ஏஜென்சிகள் பயப்படுவது கலெக்டருக்கோ போலீஸுக்கோ அல்ல, தங்களுக்கு டீலர்ஷிப் கொடுத்த நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்குத்தான். மூன்றாம் நாள் அந்த அதிகாரி எனக்குப் போன் போட்டார். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அன்று சாயங்காலமே ஏஜென்சிக்காரருக்கு, அந்த ஆள் டெலிவரி வண்டியில் உதவிக்கு வருபவர் என்பது ஞாபகம் வந்துவிட்டது. அட்டை போட்ட மெக்கானிக் ஒருவர் புது டியூப்போடு வந்தார், சோப்பு நுரை வைத்துச் சோதித்தார், ரசீது தந்தார்.

போர்ட்டல் மெதுவானது. 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2024-இல் கெடு வைத்திருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி அது வந்து சேருவதும் அதே விற்பனை அதிகாரியின் மேஜைக்குத்தான். என் புகார் "வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார்" என்று மூடப்பட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை! ஆனால் ஒன்று, முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், எல்லாம் எழுத்தில் இருக்கும். நிறுவனத்தின் எண்ணில் பேசிப் பத்து நாள் ஆகியும் அசையவில்லை என்றால் போர்ட்டலுக்குப் போங்கள்.

திங்கள்கிழமை மனு நாளில், கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளம் போவது நம்மூர்ப் பழக்கம். எதற்கென்றாலும் கலெக்டரிடம் மனு. 2017-இல் அந்த வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த துயரத்துக்குப் பிறகு வாசலில் பையைச் சோதித்துத்தான் விடுகிறார்கள். நான் அறிவில்லாமல் அந்த டியூப்பைக் கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நின்றிருந்த பெண் போலீஸ் வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்து, "என்ன சார் இது?" என்றார். கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் இப்படித்தான் ஒருத்தர் கட்டிக் குடுத்திருக்கார்" என்றார். டியூப்பை மட்டும் அங்கே வைத்துவிட்டு உள்ளே போனேன். மனு வட்ட வழங்கல் பிரிவுக்குப் போயிற்று.

ஒரு வீட்டுக் குறைக்குத் திங்கள்கிழமைக் கூட்டம் சுற்று வழி. அதைவிட எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டம் என்று ஆட்சியர் அலுவலகத்தில் அவ்வப்போது நடத்துவார்கள், செய்தித்தாளில் அறிவிப்பு வரும். ஏஜென்சிக்காரர், நிறுவனத்தின் அதிகாரி, வழங்கல் அதிகாரி மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். திங்கள்கிழமை கிடைக்காத வசதி அது. "அட்டையில்லாத ஆளை எப்படி அனுப்பலாம்?" என்ற கேள்வியை, மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்படி அங்கே கேட்க முடியும். நாலைந்து பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. எனக்குக் காசு முக்கியமில்லை, அந்த ஆள் அடுத்த வீட்டு டியூப்பில் கைவைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு நான் பார்த்தவற்றில் சரியான இடம் இதுதான்.

காசோ நஷ்ட ஈடோ வேண்டுமென்றால் நுகர்வோர் பக்கம் திரும்ப வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண் பேசிச் சமாதானம் செய்து வைக்கும், உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. உத்தரவு போடுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அடுப்புக் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்கோ வேலைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தாக்கல் செய்யலாம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லவும் ஆணையத்தால் முடியும். வழக்கை முடிக்கச் சட்டத்தில் சொன்ன 3 மாதம், ஆய்வகச் சோதனை வேண்டுமென்றால் 5 மாதம் என்பதை நம்பி நாள் குறிக்காதீர்கள், இழுக்கும். வெறும் 350 ரூபாய்க்கு நான் போகவில்லை. தீப்பிடித்துக் கை கால் வெந்திருந்தால் வேறு எங்கும் அலையாமல் நேரே அங்கேதான் போயிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷன்? காயமோ உயிர்ச்சேதமோ ஆகியிருந்தால் போகத்தான் வேண்டும். நெருப்பு விஷயத்தில் அஜாக்கிரதைக்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 287-ஆவது பிரிவு இருக்கிறது, 6 மாதம் வரை சிறை. நாற்றத்தோடு தப்பித்த கேஸுக்கு எழுத்தர் பேனாவையே எடுக்க மாட்டார்.

இதெல்லாம் ஏஜென்சி வழியாக வந்த ஆளுக்கு. "கேஸ் அடுப்பு ரிப்பேரே..." என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறவரிடம் கொடுத்திருந்தால் கணக்கே மாறிவிடும். நிறுவனத்தின் எண்ணோ போர்ட்டலோ, "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லிவிடும், சொல்வதும் நியாயம். நுகர்வோர் ஆணையம் மட்டும் மிச்சம். காசு கொடுத்து வாங்கிய எந்த வேலையும் அங்கே சேவைதான். ஆனால் பெயரும் முகவரியும் இல்லாத மனிதருக்கு நோட்டீஸ் எங்கே அனுப்புவது? மேலப்பாளையம் பக்கம் என்று மட்டும் தெரிந்து என்ன செய்ய?

வழக்குப் போட 2 வருஷம் அவகாசம் உண்டு. அந்த டியூப் பரண் மேல் கவரில் கட்டிக் கிடக்கிறது, சைக்கிள் ரப்பரோடு. பரணைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா அதைத் தூக்கிப் போடச் சொல்கிறாள்.